வானவெளியில் ஒரு பொதுச் சாவடி

பிறந்த ஊரை விட்டுப் பிற ஊரில் குடியமர்ந்தோர்க்குச் செய்தியே பெருஞ்செல்வம். நாகர்கோயிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து பழவங்காடியிலும் சாலைக்கடைத் தெருவிலும் வாழ்வு அமைத்துக்கொண்ட நம் முன்னோர், ஊர்ச் செய்திக்கு வண்டிக்காரரையும் அஞ்சற்காரரையும் எதிர்நோக்கி இருந்தனர். பின்னர்த் தந்தி வந்தது, தொலைபேசி வந்தது, இன்று கைப்பேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. துபாயில் உள்ள மகனோடும் சிங்கப்பூரில் உள்ள தங்கையோடும் நினைத்த பொழுதில் பேசுகிறோம். ஆயினும் அப்பேச்சு எவ்வழியே செல்கிறது, யார் எழுப்பிய கோபுரம் அதனை ஏந்துகிறது, யார் பதித்த கம்பி அதனைக் கடத்துகிறது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவர்? கட்டணம் செலுத்துகிறோம்; வழி திறக்கிறது. நாம் அறிந்தது அவ்வளவே.

இவ்வாறன்றித் தாமே அமைத்த நிலையத்திலிருந்து, தம் வீட்டு மொட்டைமாடியில் நின்றபடியே, வானில் விரையும் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளாரோடு பேசி மகிழும் கூட்டத்தார் உலகெங்கும் உளர். அவர்களைத் தன்னார்வ வானொலியார் என்பர். வழக்கில் ‘ஹாம்’ என்பர். ஊதியம் கருதாது, அறிவும் நட்பும் கருதி வானொலியைப் பயில்வோர் இவர்கள். இவர்களுக்கென்றே இந்தியா ஒரு செயற்கைக்கோளைச் செய்து வானில் விட்டது என்பது பலரும் அறியாத செய்தி. அவ்வரலாற்றில் நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கும் பங்கு உண்டு. அதனை இங்கே காண்போம்.

வானில் இடைநிலையம் எதற்கு?

வானொலி அலைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சிற்றலைகள் எனப்படுபவை பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்துள்ள அயனி மண்டலத்தில் பட்டு, மீண்டும் தரைக்குத் திரும்புகின்றன. அதனாலேயே அவை கடல் கடந்தும் செல்கின்றன. இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு மகிழ்ந்த பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். ஆயின், அயனி மண்டலம் கதிரவனின் போக்குக்கு ஏற்ப மாறும் இயல்பினது. பகலில் ஒரு நிலை, இரவில் ஒரு நிலை. இன்று தெளிவாகக் கேட்ட குரல் நாளை கேளாமற் போகும்.

இம்மண்டலத்தை ஆராயும் பொருட்டே நம் நகரின் கடற்கரைச் சிற்றூராகிய தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கிறது. அக்கோட்டின் மேல் வானத்தே மின்னோட்டம் ஒன்று ஆறுபோல் ஓடுகிறது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், அமெரிக்க நாட்டு நைக்கி-அப்பாச்சி ராக்கெட் ஒன்று தும்பாவிலிருந்து மேலெழுந்தது. அது சோடிய ஆவியை வானில் பரப்ப, அந்தி வேளையில் செம்மஞ்சள் நிறப் புகைமேகத்தைக் கேரள மக்கள் கண்டனர். புனித மரிய மகதலேனா கோயிலை அலுவலகமாகக் கொண்டு அன்று பணியாற்றியவருள், இராமேசுவரத்தில் பிறந்த இளைஞர் அப்துல் கலாமும் ஒருவர். அவரும் நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்தவர்.

சிற்றலையினும் அலைவெண் மிகுந்த அலைகள் வேறு இயல்பின. 145 மெகாஹெர்ட்ஸ், 435 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் அயனி மண்டலத்தை ஊடுருவி அப்பாற் சென்றுவிடும், திரும்பி வாரா. தரையிலோ அவை ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்வன. பழவங்காடியில் ஒரு மாடியிலிருந்து அனுப்பினால் பூமியின் வளைவு ஒருபுறம் மறைக்கும். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்கும். சில பத்துக் கிலோமீட்டரோடு பேச்சு நின்றுவிடும்.

தரையில் குறையாக இருப்பது வானை நோக்கும்போது நிறையாகிறது. அயனி மண்டலத்தைத் துளைத்துச் செல்லும் அலை, அதற்கு அப்பால் சுற்றும் செயற்கைக்கோளைத் தடையின்றிச் சென்றடையும். அங்கே உள்ள கருவி அதனை வாங்கி, வலுவேற்றி, வேறோர் அலைவெண்ணில் கீழே அனுப்பினால், அக்கோளைக் காணும் நிலப்பரப்பு முழுவதும் அக்குரல் கேட்கும். இக்கருவியை ‘டிரான்ஸ்பாண்டர்’ என்பர். நாம் அஞ்சற்கருவி எனலாம். 620 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கோள், தன்னைச் சூழ ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் வரையுள்ள நிலத்தையும் கடலையும் ஒருங்கே காணும். அது நடுவே நிற்கும் வேளையில், 5,400 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இருவர் பேசிக்கொள்ள இயலும். கொழும்பு நம் நகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு உட்பட்டது. துபாயும் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் 3,000 கிலோமீட்டர் அளவில் உள்ளவை. நம்மவர் குடியேறி வாழும் இவ்வூர்கள் அனைத்தும் அவ்வெல்லைக்குள் அடங்கும்.

முன்னோடிகள்

ரஷ்யாவின் முதற் செயற்கைக்கோள் பறந்து நான்கே ஆண்டுகள் கழிந்த நிலையில், 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், அமெரிக்கத் தன்னார்வ வானொலியார் தாம் செய்த ‘ஆஸ்கார்-1’ என்னும் சிறு கோளை வானுக்கு அனுப்பினர். பெரிய ராக்கெட்டில் சமன் செய்ய வைக்கும் பாரத்தின் இடத்தில் ஏறிச் சென்ற விருந்தாளி அது. மோர்ஸ் குறியில் ‘ஹாய்’ என்னும் நகைமொழியையே அது இடைவிடாது ஒலித்தது. அவ்வொலியின் வேகத்தைக் கணக்கிட்டால் கோளின் உள்வெப்பம் தெரியவரும். மூன்று வாரக் காலம் அது ஒலித்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 570-க்கும் மேற்பட்டோர் அதனைக் கேட்டுக் குறிப்பு அனுப்பினர்.

பிறர் குரலை வாங்கி அனுப்பும் அஞ்சற்கருவியோடு சென்றது 1965 மார்ச்சில் பறந்த ஆஸ்கார்-3. 1974 நவம்பர் 15-இல் பறந்த ஆஸ்கார்-7-இன் கதை வியப்புக்குரியது. 1981-இல் அதன் மின்கலம் பழுதுற்றுக் கோள் ஊமையாயிற்று. இறந்ததென யாவரும் கைவிட்டனர். 21 ஆண்டுகள் கழித்து, 2002 ஜூன் மாதத்தில் அதன் ஒலி மீண்டும் கேட்டது. பழுதுற்ற மின்கலம் தானே இணைப்பு அறுந்து விலகியமையால், கதிரொளித் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிக்குக் கிடைத்தது. கதிரவன் காயும்போது பேசும். நிழலுக்குள் புகுந்தால் உறங்கும். இந்நிலையில் பின்னும் பல்லாண்டுகள் அது தொண்டாற்றியது.

இந்தியாவின் கொடை

2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து முதன்முறையாக எழுந்தது பி.எஸ்.எல்.வி.-சி6. குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அதனை நேரிற் கண்டார். நிலப்படம் எடுக்கும் கார்ட்டோசாட்-1 என்னும் பெருங்கோளே அதன் தலைமைச் சுமை. எடை 1,560 கிலோகிராம். அதனோடு உடன் சென்ற சிறுகோள்தான் ‘ஹாம்சாட்’. அதன் எடை 42.5 கிலோகிராம் மட்டுமே.

பி.எஸ்.எல்.வி.யை வடிவமைத்தது நம் நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அதன் இரண்டாம் அடுக்கை உந்தும் விகாஸ் எஞ்சின், வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை மையத்தைச் சார்ந்தது; அவ்வெஞ்சினைச் சோதிக்கும் களம் நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரி. கோளைச் செய்தது பெங்களூர். ஆக, மலையாள நாடும் தமிழ்நாடும் கன்னட நாடும் தெலுங்கு நாடும் கைகோத்து உயர்த்திய கோள் அது எனில் மிகையன்று.

ஹாம்சாட்டில் அஞ்சற்கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்றை இந்தியர் செய்தனர். மற்றொன்றை நெதர்லாந்து நாட்டின் வென்லோ நகரத்துத் தொழிற்கல்வி மாணவர் ஒருவர் செய்தார். ஒரு வேளையில் ஒன்றே இயங்கும். உலகத்தார் அக்கோளுக்கு ‘வி.யு.சாட் ஆஸ்கார்-52’ எனப் பெயரிட்டனர். ‘வி.யு.’ என்பது இந்திய வானொலி நிலையங்களின் அழைப்புக்குறியில் முதலில் நிற்கும் எழுத்துகள். பயன்படுத்தக் கட்டணம் இல்லை. எந்நாட்டவராயினும் தடை இல்லை. உரிமம் பெற்ற தன்னார்வ வானொலியார் யாவர்க்கும் அது பொது. வழிப்போக்கர் எவரும் தங்கிச் செல்லுமாறு நம் முன்னோர் சாலையோரத்தே அமைத்த சாவடி போல, இந்தியா உலகுக்கு வானில் அமைத்த சாவடி அது.

பதின்மூன்று நிமிடம்

ஏறத்தாழ 97 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிய அக்கோள், நம் தலைக்கு நேரே செல்லும் வேளையிலும் அடிவானத்தில் தோன்றி மறையும் வரை 13 நிமிடமே காட்சி தரும். அதற்குள் பேசி முடித்தல் வேண்டும். வரும் நேரத்தை முன்னரே கணித்து, ஆன்டெனாவை அத்திசைக்குத் திருப்பி, கோள் நகர நகரத் தாமும் திருப்பிக்கொண்டே இருப்பர்.

மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. தம்பானூர் நிலையத்தில் ஊதியபடி நம்மை அணுகும் ரயிலின் ஓசை கூர்மையாகவும், கடந்து அகலும்போது தணிந்தும் கேட்பதை யாவரும் அறிவோம். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் விரைவில் செல்லும் கோளின் வானொலி அலைக்கும் இதுவே நிகழ்கிறது. 435 மெகாஹெர்ட்ஸ் அலை இதனால் 10 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் பெயரும். ஒருவர் பேச்சுக்கு வேண்டிய அகலமோ 3 கிலோஹெர்ட்ஸ்தான். எனவே, ஒரு கை ஆன்டெனாவைத் திருப்ப, ஒரு கை அலைவெண்ணைத் திருத்த, செவி குரலைத் தேட வேண்டும். இத்தொல்லையைக் குறைக்க ஹாம்சாட்டில் ஓர் உத்தியைக் கையாண்டனர். மேலே செல்லும்போது உயர்ந்த அலைவெண், கீழே வரும்போது தாழ்ந்ததாக மாறும்படி தலைகீழாக்கினர். அதனால் ஏறும்போது உண்டாகும் மாற்றத்தின் ஒரு பகுதியை இறங்கும்போது உண்டாகும் மாற்றம் ஈடுசெய்தது.

பேசுவதோ மிகச் சில சொற்கள். தம் அழைப்புக்குறி, எதிரே உள்ளவர் குரல் எத்துணைத் தெளிவாகக் கேட்கிறது என்னும் மதிப்பீடு, தாம் இருக்கும் கட்டத்தின் பெயர். உலகப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அவர்கள் குறி இட்டுள்ளனர், திருவனந்தபுரம் ‘எம்.ஜே. 88’ என்னும் கட்டத்தில் அமைந்துள்ளது. இறுதியில் ‘73’ என்பர். ‘நல்வாழ்த்துகள்’ என்பது அதன் பொருள். பின்னர், பேசியதை உறுதி செய்யும் அட்டை ஒன்றை அஞ்சலில் அனுப்புவது நெடுநாள் வழக்கம். வாணிகச் செய்தியோ மறைமொழியோ பேசுதல் விதிக்கு மாறு. சாலைக்கடை மிளகு விலையை இவ்வழியே கேட்டறிய இயலாது!

ஒரு வாட் ஆற்றல்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். ஹாம்சாட் தரைக்கு ஒலிபரப்பிய ஆற்றல் எவ்வளவு? ஒரே ஒரு வாட். கைவிளக்கின் சிறு பல்பு ஒன்றுக்குப் போதுமான அளவு. அதன் அஞ்சற்பாதையின் அகலம் 60 கிலோஹெர்ட்ஸ். இவ்வகலத்துள் பலர் ஒரே வேளையில் அருகருகே பேசலாம். ஆனால், அந்த ஒரு வாட் ஆற்றலை அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. அஞ்சற்கருவி வரும் குரல்களின் வலிமைக்கு ஏற்பத் தன் ஆற்றலைப் பங்கிட்டுத் தரும். அனைவரும் அளவாக அனுப்பினால் அனைவர்க்கும் பங்கு கிடைக்கும். ஒருவர் தம் கருவி பெரிதென்று நூறு வாட்டில் முழங்கினால், கோளின் ஆற்றலில் பெரும்பங்கை அவர் குரலே உண்டுவிடும். கோள் தன் உணர்திறனையும் தாழ்த்திக்கொள்ளும். சிறிய கருவியோடு கொழும்பிலோ மதுரையிலோ காத்திருக்கும் மாணவன் குரல் ஒடுங்கிப்போகும். முழங்கியவர்க்கு அதனால் நன்மையும் இல்லை. மறுமொழி தரவேண்டியவர் குரலையே அவர் அமுக்கிவிட்டார் அல்லரோ?

இதற்குத் தீர்வாக அவ்வன்பர்கள் வகுத்துக்கொண்ட ஒழுக்கம் எளியது. இவ்வகை நிலையத்தில், பேசும்போதே தம் குரல் கோளிலிருந்து திரும்பி வருவதைக் கேட்க இயலும். அதனைக் கேட்டுக்கொண்டே பேசவேண்டும். கோளின் அடையாள ஒலியைவிடத் தம் குரல் வலுத்திருந்தால் உடனே ஆற்றலைக் குறைக்கவேண்டும். கேட்கப் போதிய அளவே அனுப்பவேண்டும். காவலர் இல்லாத சாவடியில் இவ்வொழுக்கமே காவல்.

பிறரோடு கலந்து வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பழவங்காடியில் மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் பிறமொழியாளரும் ஒரே தெருவில் கடை வைத்துள்ளோம். அங்கே வீற்றிருக்கும் கணபதியும், பத்மநாபபுரத்துக் கோட்டையில் காவல் புரிந்த நாயர் படையினரோடு இந்நகர்க்கு வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. இன்றும் அக்கோயிலைப் பேணுவோர் இந்தியப் படையினரே. தேங்காய் உடைக்க வருவோரிடம் எவ்வூர், எம்மொழி என்று அங்கே கேட்பார் இல்லை. பொது இடத்தில் நம் மொழியும் நம் குரலும் கேட்கவேண்டும். பிறர் குரலும் கேட்க இடம் விடவேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் வாழ்வு நிறைவுறாது.

ஹாம்சாட்டுக்குப் பின்

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஹாம்சாட், 2014 ஜூலையில் மின்கலம் செயலிழந்து ஓய்ந்தது. அதன் மறைவு பல நாட்டு அன்பர்களுக்கு உற்றார் ஒருவரை இழந்தது போலாயிற்று. ஆயினும் நம் நாட்டார் முயற்சி நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரல் 1-இல் பறந்த பி.எஸ்.எல்.வி.-சி45, கோள்களை இறக்கிய பின், தன் நான்காம் அடுக்கையே ஆய்வு மேடையாக்கிச் சுற்றிவந்தது. வழக்கமாகக் குப்பையாகும் அவ்வடுக்கில், ஆம்சாட்-இந்தியா அமைப்பாரின் செய்தி அஞ்சற்கருவி ஒன்று இருந்தது. அயனி மண்டலத்தை ஆராயும் கருவியொன்றும் உடன் இருந்தது. அதனைச் செய்தது வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். தும்பாவில் 1963-இல் தொடங்கிய ஆராய்ச்சியும் தன்னார்வ வானொலியும் இவ்வாறு ஒரே மேடையில் அமர்ந்தன.

கத்தார் நாட்டார் 2018 நவம்பர் 15-இல் ஏவிய எஸ்ஹெய்ல்-2 என்னும் கோளும் குறிப்பிடத்தக்கது. புவியோடு ஒத்துச் சுழன்று வானில் ஓரிடத்தே நிற்பதாகத் தோன்றும் கோளில், தன்னார்வ வானொலியார்க்கென அஞ்சற்கருவி அமைந்தது அதுவே முதன்முறை. அதற்குப் பதின்மூன்று நிமிட எல்லை இல்லை. பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதன் பார்வையில் அடங்கும். நம் நகரிலிருந்து நோக்கினால் மேற்கு வானில் முப்பது பாகை உயரத்தில் அதன் இருப்பிடம். அளவு மீறி முழங்குவோர்க்கு அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. தரையில் உள்ள கருவி அம்மிகைக் குரலைக் கண்டறிந்து, அதே அலைவெண்ணில் சங்கொலி எழுப்பும். அவர் குரலைத் தாழ்த்தும் வரை அது விடாது. வேறு சாவடியாயினும் ஒழுக்கம் ஒன்றே.

மனிதர் வாழும் விண்கலத்திலும் இவ்வானொலி இடம் பெற்றுள்ளது. 1983-இல் அமெரிக்கர் ஓவன் கேரியட் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து முதன்முதலில் தன்னார்வ வானொலியில் பேசினார். 2025 ஜூலையில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிய இந்தியர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கூடிய மாணவரோடு இவ்வானொலி வழியே உரையாடினார்.

நாம் செய்யத்தக்கது

கைப்பேசி இருக்க இது எதற்கு என்று வினவலாம். கோபுரமும் கம்பியும் ஒருங்கே வீழும் நாளும் வரும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கிய வேளையில், ஐதராபாத்துத் தேசியத் தன்னார்வ வானொலிக் கழகத்தின் பாரதி பிரசாத் அம்மையார் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் இருந்தார். வானொலிப் பொழுதுபோக்குக்காகச் சென்றவர், அக்கருவிகளைக் கொண்டே தீவினருக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி கடத்தினார். அன்று அவர் பயன்படுத்தியது தரைநிலைய வானொலியே, செயற்கைக்கோள் அன்று. ஆயினும் இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே. அப்பயிற்சியை இடர் வந்த பிறகு தேடிப் பெற இயலாது.

நம் பிள்ளைகள் இதனைக் கற்கலாம். 12 வயது நிறைந்தவர் நடுவண் அரசின் தன்னார்வ வானொலித் தேர்வை எழுதலாம் என்பது 1978-ஆம் ஆண்டு விதிகள் காட்டிய வழி. அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளுமே பாடம். உயர்ந்த தரத்துக்கு மோர்ஸ் குறியும் வேண்டும். ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மீட்டர் அளவும், 435-க்கு 34 சென்டிமீட்டர் அளவும் உள்ள உலோகக் கோல்கள் சிலவும் அவற்றைத் தாங்க ஒரு மரச்சட்டமும் இருந்தால் தொடங்கிவிடலாம். உரிமம் பெறுமுன் அனுப்புதல் கூடாது. எனவே, முதலில் உரிமம் பெற்ற அன்பர் ஒருவரின் நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அருகிருந்து கேட்கச் செய்தல் நலம்.

நம் சங்கம் மாதந்தோறும் நடத்தும் கூட்டங்களில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். அறிந்தவர் ஒருவரை அழைத்து, சிறுவரையும் சிறுமியரையும் மொட்டைமாடியில் கூட்டி, விண்கலம் ஒன்று தலைக்கு மேலே செல்லும் நேரம் பார்த்துக் கேட்கச் செய்யலாம். நாம் ஊர் விட்டு வந்து உழைத்துப் பொருள் ஈட்டினோம். கோயிலும் பள்ளியும் சங்கமும் கண்டோம். நம் மக்கள் பிறர் அமைத்த வழியில் பேசுவோராக மட்டும் நின்றுவிடாமல், வழி அமைக்கவும் அறிந்தோராதல் வேண்டும். இவ்வூரின் கடற்கரையில் எழுந்த ராக்கெட்டுகளை நம் பெரியோர் பார்த்து வியந்தனர். வியப்பு ஒரு தலைமுறைக்குப் போதும். அடுத்த தலைமுறைக்கு அறிவு வேண்டும். விருப்பமுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளின் பெயரைச் செயலாளரிடம் தருவாராக.